கிள்ளிப்பாலத்துக் குழியில் ஒரு லோயர் ஆர்ம்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குத் திருநெல்வேலி பெருமாள்புரத்திலிருந்து நான் காரில் கிளம்பினேன். அதே நாளில், அதே திருவனந்தபுரத்துக்கு, அதே வலியசாலை வீட்டுக்கு என் மனைவி கோமதி ரயிலில் டிக்கெட் எடுத்திருந்தாள். எங்களுக்குள் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கும் அவளுக்கும் சமாதானம்தான். அவளுக்கும் காருக்கும்தான் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை.

காருக்குப் பதினாலு வயது. வெள்ளை நிறம் என்று பதிவுச் சான்றில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் இடது முன்சக்கரத்துப் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. “சத்தம் வருதே” என்றாள் கோமதி. “சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்றேன். மறுநாள் மறுபடியும் சொன்னாள். நான் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். மூன்றாவது நாள், “நீ எதுக்கும் ஒரு காது டாக்டரப் பாரேன்” என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவள் அந்தக் காரில் ஏறவில்லை. ஆபீசுக்கு டவுன் பஸ். மார்க்கெட்டுக்கு ஆட்டோ. சாயங்காலம் வண்ணார்பேட்டை வரை போய் டீ குடித்துவிட்டு வருவோம், அதுவும் நின்றுபோனது. எங்கள் வீட்டில் பேச்சு நடப்பதே அந்த அரை மணி நேரத்தில்தான். வீட்டுக்குள் டிவி பேசும்.

பிறகு கோமதி தன் ஆபீஸ் ஜான்சன் சாரிடம் ஒரு விலையும் பேசி வந்தாள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். நான் கெஞ்சியதில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. கோமதியின் தங்கை வலியசாலையில் இருக்கிறாள், எங்களை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். எந்த மெக்கானிக்கின் கையும் படாமல் கார் அங்கே போய்த் திரும்பிவிட்டால் அது எங்கள் கார். வழியில் ஒரு மெக்கானிக் தொட்டாலும் திங்கட்கிழமை அது ஜான்சன் சார் கார்.

கிட்டத்தட்ட நூற்றைம்பது கிலோமீட்டர். இது ஒரு தூரமா என்று நினைத்தேன். நான் நினைப்பதில் நானே நம்பிக்கை வைக்கக் கூடாது என்று ஐம்பத்து மூன்று வயதில் தெரிந்திருக்க வேண்டும்.

காலை 8.30, நாகர்கோவில். நாலுவழிச் சாலை இதுவரை கண்ணாடி மாதிரி இருந்ததால் கார் கெட்டிக்காரப் பிள்ளையாக வந்தது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்று இட்லி, ஒரு வடை, காபி, எழுபத்தைந்து ரூபாய். கோமதியிடமிருந்து ஒரு செய்தி: “எங்க நிக்கீய?” நிற்கவே இல்லை, ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று பெருமையாகப் பதில் போட்டேன்.

காலை 10.20, களியக்காவிளை. தக்கலை தாண்டியதும் சாலை சுருங்கி, வளைந்து, ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது. மார்த்தாண்டம் மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு டொக். பாலத்தில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பலாம். எல்லையைக் கடந்ததும் பலகைகளில் எழுத்து உருண்டையாகிறது. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வடைக்குப் பக்கத்தில் பழம்பொரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒன்று பன்னிரண்டு ரூபாய். ரேடியோவில் மலையாளம். அதையும் முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு போனேன்.

காலை 11.15, பாலராமபுரம். இங்கேதான் விஷயம் காதைத் தாண்டிக் கைக்கு வந்தது. சந்திப்பில் முன்னால் போன பஸ் நின்றது, நானும் பிரேக்கை மிதித்தேன். கார் நேராக நிற்காமல் இடது பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு கைத்தறிக் கடையின் படியருகில் போய் நின்றது. வாசலில் நின்ற கடைக்காரர், “வரணும் வரணும், முண்டு நோக்கணுமா?” என்றார். வேட்டி எடுக்க வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, “அப்புறமா” என்று சொல்லிப் பின்னால் எடுத்தேன். படியில் யாராவது உட்கார்ந்திருந்தால்?

காரை விற்காமல் இருப்பது ஒன்று. மனுஷனைக் கொல்லாமல் இருப்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் கவனிப்போம் என்று முடிவு செய்தேன். கோமதியின் ரயில் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வர மூன்று இருபது ஆகும். நாலு மணி நேரம் கையில் இருக்கிறது. ரகசியமாகச் சரிசெய்து, கையைக் கழுவிக்கொண்டு, சிரித்த முகமாக ஸ்டேஷனில் போய் நின்றுவிடலாம். இருபது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வந்தவர்களின் வாழ்த்தொலிகளோடு நகருக்குள் வந்தேன்.

காலை 11.55, கிள்ளிப்பாலம். வலியசாலைக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். பிரதான சாலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒர்க்ஷாப். தரையில் நீளவாக்கில் ஒரு குழி, குழியின் இரண்டு பக்கமும் சக்கரம் ஏற இரும்புத் தடம். நடத்துபவர் பெயர் சுதன். நாற்பது வயது இருக்கும், அளந்து வெட்டிய மீசை. என் நம்பர் பலகையைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

“திருநெல்வேலியா? எங்க அம்மை வீடு தக்கலை. எந்தாணு பிரஸ்னம், சாரே?”

“ஒண்ணுமில்ல, லேசா ஒரு சத்தம்.”

“லேசா?” என்றார். “சார் கரமனைப் பாலம் ஏறும்போதே நான் இங்க ஸ்பேனரை எடுத்து வச்சேன்.”

வண்டியைக் குழிமேல் நிறுத்திவிட்டு அவர் உள்ளே இறங்கினார். நானும் வரலாமா என்று கேட்டேன். பதினாலு வருஷமாக மேலே உட்கார்ந்து ஓட்டிய ஒன்றைக் கீழேயிருந்து பார்த்ததில்லை. “வாங்க, டிக்கெட் ஒண்ணும் இல்ல” என்றார்.

குழி பன்னிரண்டு அடி நீளம், நாலரை அடி ஆழம். உள்ளே வெளியைவிடக் குளுமை, எண்ணெய் வாசனை, செங்கல் சுவரில் ஒரு பல்பு. தலைக்கு மேல் என் கார் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது. ஊரில் எத்தனையோ கோபுரங்களை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஆர்வத்தோடு எதையும் பார்த்ததாக நினைவில்லை. அங்கே சேர்ந்திருந்த சேற்றில் எங்கள் குற்றாலப் பயணங்கள் எல்லாம் அடுக்கு அடுக்காக இருந்தன.

சுதன் ஒரு இரும்புக் கையைத் தட்டிக் காட்டினார். லோயர் ஆர்ம். முழங்கை நீளம். சக்கரத்தை வண்டியோடு பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். வெளி முனையில் நம் தோள்பட்டை போல ஒரு பந்து மூட்டு. உள் முனைகள் இரண்டிலும் ரப்பர் புஷ், அதாவது இரும்புக் குழாய்க்குள் தடிமனான ரப்பர், அதன் நடுவே ஒரு போல்ட். பின்பக்கத்து ரப்பர் முழுசாகக் கிழிந்து, வாயைத் திறந்துகொண்டிருந்தது.

“ஆர்ம் பார்த்தா புதுசு. ரப்பர் மட்டும் எப்படி இப்படி ஆச்சு?” என்று சுதன் தனக்குத்தானே பேசிக்கொண்டார். முன்பக்கத்துப் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். போல்ட் இளகிய நொடியில் ரப்பர் ‘க்ரீச்’ என்று முறுக்கவிழ்ந்து திரும்பியது. நாலு மாதமாகக் கழுத்து சுளுக்கியிருந்தவன் கடைசியில் திரும்பிப் பார்த்தது போல் இருந்தது.

சுதன் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“சாரே, இதை மாட்டினது எவன்?”

இந்த இடத்தில் வாசகரிடம் மட்டும் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாட்டியது நான். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று வீடியோக்களும் இருபத்து நாலு உருப்படிகள் கொண்ட ஒரு ஸ்பேனர் செட்டும் எனக்குத் துணை. செலவு மிச்சம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன். சத்தம் அதற்கு அடுத்த மாதம் வந்தது.

“ஏதோ ஒரு மெக்கானிக்” என்றேன். “பாளையங்கோட்டையில.”

“அவனுக்குக் கண்ணு உண்டா?”

“கண்ணாடி போட்டிருப்பான்.”

“வண்டியை ஜாக்கியில தூக்கினா சக்கரம் தொங்கும், ஆர்மும் கூடத் தொங்கும், அல்லே? அந்தத் தொங்கின நிலையிலயே போல்ட்டை இறுக்கிட்டான் அந்த மண்டன். வண்டியைக் கீழ இறக்கினா ஆர்ம் மேல வரும், ரப்பர் மட்டும் தொங்கின இடத்துலயே பிடிச்சுக்கிட்டு நிக்கும். ராத்திரி பகல் முறுக்கல்தான். கையைத் தொங்கப் போட்டு உடம்போட ஒட்டிச் சட்டை தைச்சுட்டு, அப்புறம் கையைத் தூக்குன்னா அக்குள் கிழியாதா?”

“கிழியும்” என்றேன், அக்குளைத் தொட்டுக்கொண்டு.

“அவனைக் கண்டா நாலு வார்த்தை கேப்பீங்களா மாட்டீங்களா?”

“தினமும் காலையில பாக்கேன். கேக்கேன்.”

“ஆள் எப்படி இருப்பான்?”

இந்தக் கேள்வியில் எனக்கு என்னவோ உற்சாகம் வந்துவிட்டது. திட்டுகிற கூட்டத்தில் சேர்ந்துகொள்வது ஒரு சுகம். திட்டப்படுகிறவன் நாமே என்றால் விவரங்கள் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கின்றன. “தொப்பை. கண்ணாடி. எதைக் கேட்டாலும் தெரியும்பான். யாராவது தப்புன்னு சொன்னா அவங்க காதுலதான் கோளாறும்பான்.”

“அப்படிப்பட்ட ஆளுங்க எல்லா ஊர்லயும் உண்டு, கேட்டோ” என்றார் சுதன். என் தொப்பையை அவர் பார்த்தாரா, அதன் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாரா, தெரியவில்லை.

“அப்ப வலியசாலை வரைக்கும் மட்டுமாவது...” என்று இழுத்தேன்.

“இதோட ஊருக்குத் திரும்பினா களியக்காவிளை வரைக்கும் சக்கரம் கூட வரும். அதுக்கப்புறம் வர்றதும் வராததும் அதோட இஷ்டம்.”

பகல் 12.40, சாலைக் கடைத்தெரு. புது ஆர்ம் வாங்க என்னையே அனுப்பினார். ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். வெற்றிலைக் கட்டும் பித்தளை விளக்கும் விற்கிற கடைகளைத் தாண்டி, உள்ளே ஒரு உதிரிபாகக் கடை. நாஞ்சில் நாட்டுத் தமிழ் பேசுகிற முதலாளி.

“டிரைவர் சைடா, கிளீனர் சைடா?”

எளிய கேள்வி. ஆனால் நான் காரை எனக்கு எதிரே நிறுத்தி மனக்கண்ணில் பார்த்தேன். எனக்கு எதிரே நிற்கிற காரின் இந்தக் கை எது, அந்தக் கை எது என்று என் கைகளை நீட்டி மடக்கி, திடமாக, “டிரைவர் சைடு” என்றேன். அவர் சந்தேகமாக, “கிளீனர் சைடுதான் சீக்கிரம் போகும், குழியெல்லாம் ரோட்டு ஓரத்துலதானே” என்றார். “எனக்குத் தெரியாதா?” என்றேன். ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.

சுதன் அதைக் கையில் வாங்கி, பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டும் கும்பிடுகிற கைகள் மாதிரி இருந்தன. “சாரே, இது அந்தப் பக்கத்துது” என்றார், மிகுந்த பொறுமையோடு. மறுபடி ஆட்டோ, மறுபடி முப்பது ரூபாய். கடை சாப்பாட்டுக்கு மூடியிருந்தது. பக்கத்து ஓட்டலில் சிவப்பரிசிச் சோறும் மீன் குழம்பும், நூற்றிருபது ரூபாய், காத்திருக்கும் வேதனைக்கு மிக உகந்த உணவு. கடை திறந்ததும் முதலாளி, தயாராக எடுத்து வைத்திருந்த கிளீனர் சைடு ஆர்மை நீட்டினார்.

பிற்பகல் 3.10. நான் திரும்பியபோது கார் ஒரு பக்கம் தூக்கி, சக்கரம் இல்லாமல் நின்றது. இனி ஒரு மணி நேரம் ஆகும். கோமதிக்குப் போன் போட்டேன். “பாப்பனங்கோட்டுல பயங்கர டிராஃபிக். நீ ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிரு. நான் நேரா அங்க வந்திருதேன்.” குரல் இயல்பாக வந்தது. எனக்கே பாராட்டத் தோன்றியது. சுதன் ஆர்ம் உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைப்பதைப் பார்க்க மறுபடி குழிக்குள் இறங்கிவிட்டேன்.

தம்பானூரிலிருந்து வலியசாலைக்கு ஆட்டோ எந்த வழியாக வரும் என்று அந்த ஊரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கிள்ளிப்பாலம் வழியாக.

பிற்பகல் 3.45. குழிக்குள் நிற்பவனின் கண்ணுக்குத் தரைதான் அடிவானம். அந்த அடிவானத்தில் ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது. பழுப்பு நிறம், இடது வாரில் நான் போட்டுக்கொடுத்த தையல். அதற்குப் பக்கத்தில் ஒரு பையும், அல்வாப் பொட்டலமும் இறங்கின.

“பாப்பனங்கோடு இந்தக் குழிக்குள்ளயா இருக்கு?” என்றது செருப்புக்கு மேலேயிருந்து ஒரு குரல்.

திங்கட்கிழமை ஜான்சன் சார் என் இருக்கையை முன்னால் தள்ளி வைத்துக்கொள்வது கண்ணில் தெரிந்தது. அவர் குள்ளம்.

சுதன்தான் நல்லெண்ணத்தோடு உள்ளே புகுந்தார். “சாரைக் குறை சொல்லாதீங்க அக்கா. எல்லாம் உங்க ஊர் மெக்கானிக் ஒருத்தன் செஞ்ச வேலை.”

“எந்த மெக்கானிக்?”

“பாளையங்கோட்டைல இருக்கானாம். தொப்பை, கண்ணாடி. எல்லாம் தெரியும்னு பாவனை.”

கோமதி குனிந்து குழிக்குள் என்னைப் பார்த்தாள். தொப்பையை, பிறகு கண்ணாடியை.

“அந்த ஆளை எனக்குத் தெரியும், தம்பி” என்றாள். “இருபத்தாறு வருஷமா. அவர் இத மாட்டும்போது டார்ச் அடிச்சதே நாந்தான்.”

சுதன் என்னைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரோரம் வைத்தார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குழியின் மறுகோடிக்குப் போய், தோள் குலுங்கக் குலுங்க நின்றார். திரும்பி வந்து, “சாரே, நான் சொன்னதுல ஒரு வார்த்தைகூடத் திருப்பி எடுக்க மாட்டேன்” என்றார்.

“எடுக்காதீங்க” என்றேன்.

கோமதி சிரிக்கவில்லை. “தம்பி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்தச் சத்தம் வண்டிக்குள்ள உக்காந்தா கேக்குமா?”

“கேக்குமாவா? பக்கத்து வண்டிக்குக் கேக்கும், அக்கா. அதுலயும் இடது சீட்டுக்காரங்க காலுக்குக் கீழயே இருக்கு.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “என் காது சரியில்லன்னு சொன்னீயளே.”

மூன்று மாதத்தில் அதை அவள் சொன்னது அப்போதுதான். டொக் சத்தத்துக்காக அவள் காரை விட்டு இறங்கவில்லை என்பது எனக்கு உறைத்ததும் அப்போதுதான், நாலரை அடி ஆழத்தில் நின்றபடி. “எனக்கும் கேட்டுச்சு, கோமதி” என்றேன். “முத நாளே கேட்டுச்சு. கேட்டதா சொன்னா, நான் மாட்டினது தப்புன்னு ஆயிரும்லா.”

“அதுக்கு நான் டாக்டருக்கு முந்நூறு ரூவா கொடுத்துட்டு வந்தேன்” என்றாள். எனக்குத் தெரியாத செய்தி. “ரெண்டு காதும் நல்லாருக்காம்.”

சுதன் புது ஆர்மை மாட்டினார். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி விட்டார். சக்கரத்தைப் பூட்டி, ஜாக்கியை எடுத்து, வண்டியைத் தன் காலிலேயே நிற்க வைத்தார். முன்பக்கத்தை நாலு முறை அழுத்தி ஆட்டினார். பிறகு குழிக்குள் இறங்கிக்கொண்டு, உள்ளேயிருந்து கேட்டார்: “வண்டியில வழக்கமா எத்தனை பேரு?”

“ரெண்டு” என்றேன் நான்.

“ஒருத்தர்” என்றாள் கோமதி, அதே நேரத்தில்.

குழிக்குள்ளிருந்து ஸ்பேனர் போல்ட்டை ஒருமுறை தட்டியது. “ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கணக்குச் சொல்லுங்க. எனக்குக் கழுத்து வலிக்குது.”

“எதுக்குத் தம்பி அது?”

“கடைசி முறுக்கு முறுக்கும்போது வழக்கமா யார் இருப்பாங்களோ அவங்க உள்ள இருக்கணும், அக்கா. வண்டி அந்தப் பாரத்துல எவ்வளவு தாழுதோ, அதுதான் தன் இடம்னு ரப்பர் பிடிச்சுக்கும். ஒருத்தர், ரெண்டு பேரு, ஒரு நூல் வித்தியாசம்தான் வரும். மத்தவங்க யாரும் இதெல்லாம் பாக்கறதில்ல. நான் பாப்பேன்.”

நான் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டி கொஞ்சம் தாழ்ந்தது. பக்கத்து இருக்கையில் மூன்று மாதமாக என் குடையும் பழைய செய்தித்தாளும்தான் கிடந்தன. அதை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையில் ஒரு பஸ் போயிற்று. பின்னால் இன்னொன்று.

இடது கதவு திறந்தது. குடையும் செய்தித்தாளும் பின் சீட்டுக்குப் பறந்தன. வண்டி இன்னொரு நூல் தாழ்ந்தது.

“ரெண்டுன்னே முறுக்குங்க, தம்பி” என்றாள் கோமதி. அல்வாப் பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டாள். “இதும் சேர்த்து.”

எங்கள் காலடியில் ஸ்பேனர் ஒருமுறை முனகியது, பிறகு இன்னொருமுறை.

கூலி எழுநூறு ரூபாய். அதோடு முடியவில்லை. கோமதி டிக்கியைத் திறந்து, என் ஸ்பேனர் செட்டை எடுத்துச் சுதனிடம் நீட்டினாள். அவர் திறந்து பார்த்து, “பாதி பிரிக்காத புதுசா இருக்கே” என்றார். “பிரிச்ச பாதிதான் பிரச்சினை. ரெண்டையும் நீங்களே வச்சுக்கோங்க” என்றாள். நான் டிக்கியை மூடினேன். ஜான்சன் சாருக்கு அவள் என்ன செய்தி அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை. போனில் தட்டிக்கொண்டிருந்தவள், “அவரும் பாவம், வேற வண்டி பாக்கட்டும்” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு பிற்பகல் 3.15, புறப்பாடு. கொழுந்தியாள் வீட்டுப் பாயசம் இரண்டு தம்ளர் உள்ளே போனதில், சுதன் வைத்த ஒரு நூல் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கும். எங்கள் ஊரிலும் குழி உள்ள ஒர்க்ஷாப்புகள் உண்டு, நான் இட்டுக்கட்டாத நல்ல மெக்கானிக்குகளும் உண்டு. ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்று ரேஷன் கார்டுக்குக் கேட்டிருக்கிறார்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் கேட்டிருக்கிறார்கள். ஒரு போல்ட்டுக்காக யாரும் கேட்டதில்லை.

பாலராமபுரம் சந்திப்பில் முன்னால் போன பஸ் நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். கார் நேராக நின்றது. கைத்தறிக் கடைக்காரர் எங்களைக் கவனிக்கவே இல்லை.

நெய்யாற்றின்கரைக்கு முன்னால் ஒரு பெரிய வேகத்தடை வந்தது. தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்ட கோமதி கை நீட்டி ரேடியோவை அணைத்தாள். தலையைச் சாய்த்து, காலடியில் காதை வைத்துக் காத்திருந்தாள். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது.

“என்ன, கேட்டுச்சா?” என்றேன்.

“உங்களுக்கு?”

“இல்ல. சத்தியமா இல்ல.”

அவள் தலையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பிறகு, “எனக்கும் கேக்கல” என்று சொல்லிவிட்டு, அவளே ரேடியோவைப் போட்டாள். சின்னச் சத்தத்தில்தான். அதற்கு மேலே எங்களால் பேசிக்கொண்டு போக முடிந்தது.